சிரிப்பை மட்டும் விட்டுவிட்டுப் படித்த புத்தகம்

அக்கா,

இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, உங்கள் புத்தகத்தை மடியில் வைத்துத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், பொலபொலவென்று ஆரோ ஸ்டிக்கர் எல்லாம் என் சேலையில் கொட்டிவிட்டது. செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் கண்டால் ஒட்டுவோமே, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதேதான். நீங்கள் ஒட்டியவை. பசை காய்ந்துபோயிருக்கிறது. பொறுக்கி எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. நீங்கள் சிரித்த நாற்பத்து மூன்று இடமும் என் மடியில் கிடந்தன. எந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்துடையது என்று ஒரு ஆரோவும் வாய் திறக்கவில்லை.

புத்தகத்தை எடுத்த காரணத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம் கம்பெனி கேன்டீனில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், புத்தக அலமாரி ஒன்று வந்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வரும்போது காட்டுவதற்குத்தானே என்று கேட்டேன். இல்லை, நீங்கள் படிக்கத்தான் என்று ஹெச்.ஆர். மேடம் சத்தியம் செய்யாத குறை. வீட்டில் நல்ல புத்தகம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து வைக்கலாமாம். கூடவே ஒரு வெள்ளை அட்டையில், இதை மற்றவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்று நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். நான் ஒரு புத்தகத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுவது மேடம் காது வரைக்கும் போயிருக்கிறது.

"அந்தப் புத்தகத்தோட பேர் என்னக்கா?" என்றார்.

"பேரு இல்லீங்க மேடம்."

"பேர் இல்லாம எப்படிக்கா?"

"அட்டை கிழிஞ்சு போச்சுங்களே. எழுதுனவரு பேரும் அதோட போயிருச்சுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். சரி, எதைப் பற்றின புத்தகம் என்றாவது சொல்லுங்கள் என்றார். உலகம் அழிவதைப் பற்றியது, ரொம்பச் சிரிப்பாக இருக்கும் என்றேன். மேடம் அட்டையை என் கையில் கொடுத்து, நீங்களே எழுதிவிடுங்கள் அக்கா என்று போய்விட்டார். அஞ்சாவது படித்த கைக்கு நாலு வரி எழுத நாலு நாள் ஆனது. உங்களுக்கென்று உட்கார்ந்தால் மட்டும் கை நிற்க மாட்டேன் என்கிறது.

நாம் ஒரே டேபிளில் எதிர் எதிராக நின்றது பன்னிரண்டு வருடம். நீங்கள் தூத்துக்குடிப் பக்கம், நான் பல்லடத்துப் பக்கம். முதல் நாளே என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டீர்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் பக்கம் எருமை வழியில் நின்றால்கூட நகருங்க என்று சொல்லித்தான் பழக்கம். மத்தியானம் வரைக்கும் உங்களோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் டப்பாவிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்று என் தட்டில் விழுந்தது. அதற்கப்புறம் நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குச் சரியாகிவிட்டது.

அந்தப் புத்தகம் உங்களுக்குக் கிடைத்ததும் ஒரு கூத்துதான். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கப் போன இடத்தில், பக்கத்தில் பழைய புத்தகக் கடை. அட்டை இல்லாமல் கிடந்ததால் கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார். ஒரே வாரத்தில் படித்துவிட்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் படி படி என்றீர்கள். உங்கள் சர்ச் பெண்கள் பயந்து கும்பிட்டுவிட்டு விலகிப் போனார்கள். கடைசி நாளைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் கடைசி நாளில் அழுவார்கள் என்று ஒரு அம்மா எச்சரிக்கையும் விட்டார்.

அண்ணாச்சி அதற்கும் மேலே. உங்கள் வீட்டுக்காரரை நான் குறை சொல்லவில்லை. துணி வேன் ஓட்டுகிறார், பீடி சிகரெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசை. ஆனால் சிரிப்பு என்றால் அளந்துதான். அளந்துகூட இல்லை, நான் பார்த்ததே இல்லை. டிரைவிங் லைசென்ஸுக்குப் படம் எடுத்த அன்று வைத்த முகத்தை அப்படியே வைத்திருக்கிறார் என்று நான் சொன்னதற்கு நீங்கள் டேபிளைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். அந்தப் புத்தகத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி வைப்பீர்கள். அவர் அதைப் பீரோ மேல் கவிழ்த்து வைப்பார். நீங்கள் எடுத்து டிபன் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். மறுபடி பீரோ மேல். ஒரு மாதம் இப்படியே நடந்தது என்று சொல்லிவிட்டு, சட்டென்று முகம் மாறி என்னிடம் சொன்னீர்கள்.

"அந்த மனுசன் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இதுக்குச் சிரிச்சிட்டார்னா போதும்ட்டி. நான் நிம்மதியா கண்ண மூடிருவேன்."

"அப்படின்னா நீங்க நூறு வருசம் இருப்பீங்க அக்கா, கவலைப்படாதீங்க" என்றேன். பெரிய ஜோக் அடித்த நினைப்பு எனக்கு. அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

கடைசியில் புத்தகம் என் தலையில் விழுந்தது. நான் பஸ் போர்டு மட்டும்தான் படிப்பேன் என்று கையை விரித்தேன். பஸ் போர்டு படிக்கிற வேகத்திலேயே படி, அதற்குள் உலகம் முடிந்துவிடாது என்று என் பையில் திணித்துவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் ஆரோ. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம் அக்கா, நமக்குப் படிக்கக் கஷ்டம் என்று முன்னாலேயே புத்தகத்தைச் செக்கிங் பண்ணி, பழுதான இடத்தையெல்லாம் குறித்துக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? ஆரோ ஒட்டிய பீஸைத் தொடாதே, தனியாகப் போடு, நல்லதோடு கலக்காதே என்று இருபது வருடமாகப் பழகிய கை. ஆரோ பார்த்த இடத்திலெல்லாம் ஒரு தாண்டு தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். படிக்க வேண்டியது குறைந்ததில் உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

மூன்று மாதம் ஆனது. டீ டைமில் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பக்கம். எப்படி முடிந்தது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆசையாகக் கேட்பீர்கள். படிக்கிறேனுங்க அக்கா என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும்.

ஆமாம், அழுகைதான். நான் படித்த கதை இதுதானே அக்கா. மேலே இருக்கிறவர்கள் ஒரு பூதத்தைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் உலகத்தை முடித்துவிட்டு வா என்று அனுப்புகிறார்கள். சூரியனை அணைக்க வேண்டும், கடலைச் சுருட்ட வேண்டும், நட்சத்திரங்களை மூட்டை கட்ட வேண்டும் என்று கையில் ஒரு பட்டியல். பூதத்துக்கு அந்த வேலையில் இஷ்டமே இல்லை. ஊரில் ஒருத்தரையும் தெரியாது. ஒரு அம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு ஒரு அறை. இருப்பது ஒரே சட்டை. அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, காய்கிற வரைக்கும் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும். பதினாலாம் பக்கம். நான் அங்கேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டேன். மூட்டை கட்டும்போது நட்சத்திரம் ஒன்று குறைகிறது. அது வீட்டுக்காரம்மாவின் மூக்குத்தியில் இருப்பதைப் பூதம் பார்த்துவிடுகிறது. கேட்க வாய் வரவில்லை. என்னாலும் தாங்க முடியவில்லை.

நடுநடுவே கதை அறுந்து போவதையும் கவனித்தேன். பூதம் கடலைப் பாய் மாதிரி சுருட்டிப் பரணில் வைக்கிறது. அடுத்த வரியில் வீட்டுக்காரம்மா ஒரு பாத்திரம் சாம்பாரைத் தெருவில் ஊற்றிவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறுகிறார். ஏன் ஊற்றினார் என்று இல்லை. எழுதினவருக்கு மறந்துபோயிருக்கும், அதனால்தான் அக்கா ஆரோ ஒட்டியிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முடித்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில், வீங்கின கண்ணோடு புத்தகத்தை உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் டப்பாவை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாணச் செய்தி கேட்கிற மாதிரி உட்கார்ந்தீர்கள்.

"ஏனுங்க்கா, இப்பிடி ஒரு அழுகாச்சிப் புத்தகத்தையா என்ற கையில குடுப்பீங்க?" என்றேன். "அந்தப் பூதத்துக்குச் சாப்புட்டியான்னு கேக்கக்கூட ஒரு நாதியில்லீங்களே."

உங்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் நடித்துக் காட்ட முடியும். எங்கே சிரித்தாய் என்று கேட்டீர்கள். சிரிக்கவா என்று நான் திருப்பிக் கேட்டேன். கடல் பரணிலிருந்து ஒழுகுகிற இடத்தைப் படித்தாயா என்றீர்கள். கடல் எங்கே ஒழுகியது என்றேன். நீங்கள் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்து, ஒரு பத்தியின்மேல் விரலை வைத்தீர்கள்.

"இத வாசிக்கலையாட்டி நீ?"

"அதுல ஆரோ ஒட்டியிருந்துச்சுங்களே அக்கா."

டேபிளில் மற்ற பெண்களும் வாயில் சோற்றோடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். குடித்த தண்ணீர் மூக்கில் ஏறி, கண்ணில் வழிந்து, டேபிள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். யாருக்கு வலிப்பு என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார். என்னைக் கைகாட்டினீர்கள். நான் புத்தகத்தைக் கைகாட்டினேன். எனக்கு அதுவரைக்கும் என்ன நடந்தது என்றே புரியவில்லை.

"பிடிச்ச இடமுன்னு ஒட்டுனேன்ட்டி. சிரிப்பு வந்த இடம். அத்தனையும் விட்டுட்டு மிச்சத்த வாசிச்சிருக்கியே, நீ என்ன பிறவி."

மறுநாளிலிருந்து ஆரோ ஒட்டிய இடங்களை நீங்களே படித்துக் காட்டினீர்கள். ஒரு நாளைக்கு மூன்று ஆரோ, அதற்கு மேல் கேட்டாலும் கிடையாது. நம் டேபிள் ஆறு பேர் கேட்டோம். ரெண்டாவது நாள் அயர்னிங்கிலிருந்து வந்தார்கள். ஒரு வாரத்தில் இருபது பேர். பரணில் சுருட்டி வைத்த கடல் ஒழுகுகிறது, தண்ணீர்த் தொட்டியில் விரிசல் என்று வீட்டுக்காரம்மா கொத்தனாரைத் திட்டுகிறார், அன்று மத்தியானம் சாம்பாரில் ஒரு மீன் துள்ளுகிறது, அந்த அம்மா சுத்த சைவம். ஓஹோ, அதற்குத்தான் சாம்பாரை ஊற்றினார்களா என்று நான் மட்டும் தனியாகக் கத்தினேன். பூதம் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு சூரியனை அணைக்கப் போகிறது, அப்பளம் காயப்போட்ட பெண்கள் விரட்டி விரட்டி அடிக்கிறார்கள், வேலை எவ்வளவு முடிந்தது என்று மேலேயிருந்து கேட்கிறார்கள், பாதி முடிந்தது என்கிறது பூதம், எந்தப் பாதி என்று கேட்டதும் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறது. சூப்பர்வைசர் கையில் கடிகாரத்தோடு பெல் அடிக்க வந்து, அந்த ஆரோ முடியட்டும் என்று நிற்பார்.

எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு அந்தத் தண்ணீர் இடத்துக்குத்தான். பூதம் ஊர் நடுவில் நின்று, நாளைக் காலையில் உலகம் முடியப்போகிறது என்று இடி மாதிரி முழங்குகிறது. கூட்டம் நடுங்குகிறது. பின்னாலிருந்து ஒரு ஆள் எழுந்து, பயபக்தியோடு கேட்கிறார்: "நாளைக்குத் தண்ணி வாற மொறையாச்சே. ரெண்டு டிரம் புடிச்ச பெறவு முடிக்கப்படாதா?"

பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊர்க்காரர்கள் நாம். அன்றைக்கு அந்த இருபது பேரும் சிரித்த சிரிப்பில் கேன்டீன் தட்டெல்லாம் ஆடியது. ஒருமுறை போதாமல் மூன்று முறை படிக்கச் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்த ஆள் மாதிரி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்.

அவ்வளவு பேரைச் சிரிக்க வைத்தும் உங்களுக்கு ஒரு ஆள் பாக்கி. இதை அவர் கேட்டிருந்தால் என்று நிறுத்துவீர்கள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன், நீங்களும் எனக்காகச் சிரிப்பீர்கள்.

போன வருடம் மழைக்கு முன்னால் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டீர்கள். நாலாம் நாள் நாங்கள் எல்லோரும் மாலை வாங்கிக்கொண்டு, வேன் பிடித்து உங்கள் ஊருக்கு வந்தோம். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடம் வைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி கம்பெனி கேட்டில் வந்து நின்றார். துணிப்பையில் புத்தகம். உங்களிடம் இருக்கட்டும், அவள் அப்படித்தான் விரும்புவாள் என்று நீட்டினார். கொடுத்தவர் உடனே போகவில்லை. ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். ஊரெல்லாம் வாய் பேசுகிறவள் நான். ஆனால் அன்றைக்கு, படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இருந்த ஒரே நல்ல சமயத்தைக் கோட்டை விட்டேனே என்று வருடம் முழுக்க எனக்கு உறுத்தல்.

அதனால்தான் ஆரோ கொட்டியதும் எனக்குப் பகீர் என்றது. அண்ணாச்சி சிரிக்காமலே போனாலும் போகட்டும், நீங்கள் சிரித்த இடமாவது புத்தகத்தில் இருக்க வேண்டும் அல்லவா? புது ஆரோ ரோல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை ஒரு வரிகூட விடவில்லை. நீங்கள் படித்த குரல் காதிலேயே இருக்கிறது, அங்கங்கே பசைத் தடமும் இருக்கிறது, இடம் தவறவே இல்லை. சாம்பார் மீன், ஈரச் சாக்கு, தலைகீழ்ப் பட்டியல் என்று நாற்பத்திரண்டு ஒட்டிவிட்டேன். தண்ணீர் இடம் மட்டும் கிடைக்கவில்லை.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். பூதம் ஊர் நடுவில் முழங்குகிறது, கூட்டம் நடுங்குகிறது, நடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான். ஒருத்தரும் எழுந்து நிற்கவில்லை. அந்தப் பத்திக்கு நேராகப் பழைய பசைத் தடம் மட்டும் இருக்கிறது. ஒரு தாள் கழன்று உங்கள் வீட்டிலேயே விழுந்துவிட்டதோ என்று நினைத்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பக்க எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் பீரோவுக்கு மேலும் கீழும் தேடிவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். நாளைக்குத் தண்ணீர் வருகிற முறை, ரெண்டு டிரம் பிடித்த பிறகு முடிக்கக்கூடாதா என்று, உங்கள் மாதிரியே சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு இருமல் மாதிரி கேட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துவிட்டேன். தண்ணீர் குடியுங்கள் அண்ணாச்சி என்றேன். அது இருமல் இல்லை.

"எம்மா, அது புஸ்தகத்துல உள்ளதில்லம்மா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "அது நான் சொன்னது."

நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திருப்பூர் வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், உலகத்தின் முடிவு இன்று இரவே வரலாம், நீங்கள் ஆயத்தமா என்று பாஸ்டர் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி உண்மையிலேயே கவலைப்பட்டு உங்கள் காதில் இதைக் கேட்டிருக்கிறார். நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு சிரித்திருக்கிறீர்கள். அவர் வெளியே வந்து உங்களைத் திட்டி, ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்.

"அவ எதுக்குச் சிரிச்சான்னே எனக்கு அப்ப தெரியலம்மா. டிரம்மு காலியாத்தான கெடந்துச்சு." அப்புறம் கேட்டார், "இத எல்லார்ட்டயும் சொல்லிட்டாளோ?"

"இருவது பேர் கேட்டோமுங்க அண்ணாச்சி. மூணு தடவ."

"சிரிச்சீயளா?"

"சூப்பர்வைசரே சிரிச்சாருங்க."

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன் போல" என்றார். அப்புறம் மறுபடியும் சிரிப்பு. அக்கா, அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்? பழகாத ஆள் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருந்தது, எப்போது விழும் என்று எனக்குப் பயம். விழவில்லை. போனை வைக்கும்போது சொன்னார், அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்குத் தர முடியுமா, வேறு எங்கேயாவது தன்னைப் பற்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று.

மறுநாளே வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கொடுப்பதற்கு முன்னால், நான் கஷ்டப்பட்டு ஒட்டிய நாற்பத்திரண்டையும் உரித்துவிட்டேன். அடுத்தவர் ஒட்டிய ஆரோவை நம்பிப் படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் சிரித்த இடமெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். பஸ்ஸில் நின்றுகொண்டே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். அண்ணாச்சியிடம் புத்தகத்தோடு புது ஆரோ ரோலையும் கொடுத்து, சிரிப்பு வருகிற இடத்தில் ஒட்டச் சொன்னேன். எத்தனை ஒட்டணும் என்று கேட்டார். டார்கெட் எதுவும் இல்லை என்றேன்.

அட்டையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடம் எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திவிட்டு அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறார். "இது உலகம் அழியும் கதை, பயப்பட வேண்டாம். முதல் தடவை படித்து அழுதேன், அது என் தப்பு, புத்தகத்தின் தப்பு இல்லை. படிக்கிறவர்கள் ஒரு வரியும் விடாமல் படிக்கவும். வெள்ளிக்கிழமை என்ன ஆனது என்று என்னிடம் கேட்க வேண்டாம்." நாலு வரி சரியாக வந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் அண்ணாச்சி போன் போட்டார். ஒரு ஆரோ ஒட்டிவிட்டாராம். எந்தப் பக்கம் என்று ஆவலாகக் கேட்டேன். பதினாலு என்றார். பூதம் சட்டையைக் காயப்போட்டுவிட்டு, துண்டு கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிற இடம். நான் மூக்கைச் சிந்தின இடம், நீங்கள்கூட ஆரோ ஒட்டாத இடம். அங்கே சிரிக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி என்று கேட்டேன். சொல்ல வாயெடுத்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் அதே. பெறவு சொல்லுதேன் என்று வைத்துவிட்டார். உங்களுக்காவது தெரியுமா அக்கா? அவரும் அப்படி உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நாளின் ஞாபகமாகத்தான் இருக்கும். கேட்டுச் சொல்ல நீங்கள் இல்லை, அவர் சொல்லி முடிக்கிற மாதிரியும் தெரியவில்லை. ராத்திரி அந்தப் பக்கத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நான் இன்னும் மூக்கைச் சிந்தத்தான் செய்கிறேன், ஆனால் துண்டு கட்டின பூதத்துக்கு இப்போது அண்ணாச்சி முகம் வந்துவிட்டது.

இன்று காலையில் மேடம் அலமாரிக்கு முன்னால் நின்று, அட்டை மட்டும் தொங்குகிறதே, நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், புத்தகம் எங்கே அக்கா என்றார்.

"செக்கிங்ல இருக்குங்க மேடம்" என்றேன். "ஒரு பக்கத்துலயே நின்னுட்டிருக்குதுங்க."